அப்பத்தாவுக்கு வாய் வந்த கதை

பொம்மை முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை ‘அம்மா’. சுவிட்சைப் போட்டேன். வாயைத் திறந்தது, திறந்தபடியே நின்றது, சத்தம் ஓய்ந்ததும் மூடிக்கொண்டது. ‘அ’வுக்கும் ‘மா’வுக்கும் நடுவில் உதடு ஒட்டவே இல்லை. பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி ஒரே நீட்டு ‘ஆ’.

“அப்பா, இது அம்மான்னு சொல்லல. ஆவ்வான்னு சொல்லுது” என்றாள் மகள். ஒன்பது வயது. மூன்று வார வேலைக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அதுதான்.

எப்படி இந்த வேலையில் மாட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், லண்டனுக்கு மேற்கே ஸ்லௌ என்ற ஊரில். ஊரில் ஒரு பெரிய தொழிற்பேட்டை. மார்ஸ் சாக்லேட் ஃபேக்டரி 1932-லிருந்து இங்கேதான் இருக்கிறது. அந்தப் பேட்டையில் ஒரு கிடங்கில் எனக்குக் கன்வேயர் பெல்ட் பராமரிக்கும் வேலை. தினமும் போகிற வழியில் ஸ்டிர்லிங் ரோடு என்று ஒரு சாதாரணத் தெரு, இரண்டு பக்கமும் கொட்டகைகள். ‘தண்டர்பேர்ட்ஸ்’ எடுத்தது அந்தத் தெருவில்தான் என்று ஆறு வருடம் கழித்து, கூட வேலை பார்க்கும் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் டீ இடைவேளையில் சொல்லித் தெரிந்தது. சின்ன வயதில் அவருக்கு அது உயிராம்.

தெரியாதவர்களுக்கு: ஜெர்ரி ஆண்டர்சனும் சில்வியா ஆண்டர்சனும் குழந்தைகளுக்காக எடுத்த பொம்மலாட்ட விஞ்ஞானக் கதைத் தொடர். 1965 செப்டம்பர் 30-ல் ஒளிபரப்பு தொடங்கியது. மொத்தம் 32 பகுதி. ஒரு அப்பா, ஐந்து பிள்ளைகள், ஒரு ரகசியத் தீவு. உலகத்தில் எங்கே யார் மாட்டிக்கொண்டாலும் ராக்கெட்டில் போய் மீட்பார்கள். பிள்ளைகளின் பெயர் ஸ்காட், வர்ஜில், ஆலன், கார்டன், ஜான். அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்கள் ஏழு பேரில் ஐவரின் பெயர்கள். 1963-ல் ஜெர்மனியில் லெங்கெடெ என்ற ஊரில் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து, உள்ளே மாட்டியவர்களைத் துளை போட்டு மேலே இழுத்த செய்தியைக் கேட்டுத்தான் ஜெர்ரிக்கு இந்தக் கதை தோன்றியது. நான் ஒரு பகுதியைப் பார்ப்போம் என்று உட்கார்ந்து நாலு பார்த்தேன். ராக்கெட் எல்லாம் சரி. என் கண் முழுக்க அந்த உதட்டில்தான். மேலே இருந்து நூலில் தொங்குகிற பொம்மை, பேச்சுக்குச் சரியாக வாயை அசைக்கிறது. நூலால் அவ்வளவு வேகமாக இழுக்க முடியாது என்பது பெல்ட் கட்டிப் பிழைக்கிற எனக்குத் தெரியாதா?

விஷயம் இதுதான். அது நூலே இல்லை, டங்ஸ்டன் கம்பி. பொம்மையைத் தாங்குவதும் அதுதான், தலைக்குள் கரண்ட் கொண்டுபோவதும் அதுதான். நடிகர்களின் குரலை முதலிலேயே டேப்பில் பதிந்துவிடுவார்கள். படப்பிடிப்பில் அந்த டேப்பை ஓட்ட, குரல் ஏறி இறங்குவதற்குத் தக்கபடி மின்துடிப்பு கம்பி வழியாக இறங்கி, தலைக்குள் இருக்கும் சின்னச் சொலினாய்டுக்குப் போகும். சொலினாய்டு என்றால் கரண்ட் வந்ததும் இரும்புத் தண்டை உள்ளே இழுக்கும் கம்பிச்சுருள். அது இழுக்க, கீழுதடு திறக்கும். துடிப்பு நின்றால் ஸ்பிரிங் மூடிவிடும். 1960-ல் வந்த ‘ஃபோர் ஃபெதர் ஃபால்ஸ்’ என்ற கௌபாய்த் தொடரில் இதை முதலில் செய்தார்கள். அப்புறம் ‘சூப்பர்கார்’, ‘ஃபயர்பால் எக்ஸ்எல்5’, ‘ஸ்டிங்ரே’, பிறகு ‘தண்டர்பேர்ட்ஸ்’. இந்த முறைக்கு ‘சூப்பர்மேரியனேஷன்’ என்று ஒரு நீட்டுப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் ஜெர்ரி பொம்மை மேல் ஆசைப்பட்டு வந்தவர் இல்லை. ஆட்களை வைத்துப் படம் எடுக்க நினைத்தவருக்குக் கிடைத்த முதல் வேலை பொம்மைத் தொடராகப் போய்விட்டது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் மகள் வகுப்புக்கு ஆண்டு விழா நாடகம் ஆறு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். செவ்வாய்க் கிரகத்தில் மாட்டிக்கொண்ட பேத்தியை மீட்க அப்பத்தா ராக்கெட் ஓட்டிக்கொண்டு போகிற கதை. அப்பத்தாவாக நடிக்க எந்தப் பிள்ளையும் முன்வரவில்லை. “நான் ஒரு பொம்மை செஞ்சு தர்றேன்” என்று வாயை விட்டது நான்தான்.

தலை

எங்கள் அம்மா முகத்தைப் போட்டோ பார்த்துப் பிளாஸ்டிசினில் பிடித்தேன். முன் பாதி, பின் பாதி என்று பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு எடுத்து, உள்ளே வாசலின் தடவி, ஃபைபர்கிளாஸ் துணியும் ரெசினும் இரண்டு அடுக்கு. அந்தக் காலத்திலும் கடைசியில் ஃபைபர்கிளாஸ் தலைதான். ரெசின் நாற்றம் மூன்று நாள் போகவில்லை. “என்னங்க, உங்க அப்பத்தாவைக் கொண்டுபோய் ஷெட்ல வைங்க. சாம்பார்லகூட பெயின்ட் வாசம் அடிக்குது” என்றாள் மனைவி. நியாயம்தான். முகமூடி போடாமல், ஜன்னல் திறக்காமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

பொம்மை உயரம் 55 சென்டிமீட்டர். தண்டர்பேர்ட்ஸ் பொம்மைகளும் ஏறக்குறைய இந்த அளவுதான். தலை மட்டும் 11. அதாவது உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு. நமக்கு ஏழரையில் ஒரு பங்கு. தலை பெருத்திருப்பது அழகுக்காக இல்லை. சொலினாய்டு உள்ளே உட்கார இடம் வேண்டும், அவ்வளவுதான். 1967-ல் ‘கேப்டன் ஸ்கார்லெட்’ எடுத்தபோது அந்த இயந்திரத்தை நெஞ்சுக்குள் இறக்கி, தலையை மனித அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எல்லோரும் அதை முன்னேற்றம் என்கிறார்கள். எனக்கென்னவோ அளவு சரியானதும் அதுகளிடம் உயிர் போய்விட்டதாகத் தோன்றும். ஜவுளிக்கடைப் பொம்மை திடீரென்று பேசுகிற மாதிரி இருக்கும். பெரிய தலைதான் என் கட்சி.

சொலினாய்டு 20 மில்லிமீட்டர் நீளம், 12 அகலம். 12 வோல்ட், சுருளின் மின்தடை 40 ஓம். அதைத் தாடைக்குப் பின்னால் படுக்கவைத்து, பித்தளைத் தகட்டில் ஒரு சின்ன நெம்புகோல். கீழுதட்டை மட்டும் ரம்பத்தில் அறுத்து எடுத்துவிட்டு, பழைய கையுறைத் தோலை அந்த இடத்தில் தளர்வாக ஒட்டி, நடுவில் நெம்புகோல் முனையைப் பிடிக்கவைத்தேன். திறப்பு மூன்று மில்லிமீட்டர்தான். கையில் வைத்துப் பார்த்தால் ‘இதென்ன, ஒன்றுமே தெரியவில்லையே’ என்று இருக்கும். ஆறடி தள்ளி நின்று பார்த்தால் போதும் போதும் என்று பேசுகிறது.

ஸ்பிரிங் விஷயத்தில் ஒரு வார்த்தை. பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங் போட்டேன், சொலினாய்டால் அசைக்க முடியவில்லை. மூடுவதற்கு வேண்டியது ஒரு தூண்டல் மட்டும்தான். தோலே பாதி மூடிக்கொள்ளும். கடைசியில் மகளின் தலைமுடி ரப்பர் பேண்டில் ஒரு நூலிழை எடுத்துக் கட்டினேன். இன்றுவரை அதுதான்.

உள்ளே கை விட வழி வேண்டுமே? பின்தலையில் கொண்டையைத் தனியாகச் செய்து நான்கு காந்தத்தில் ஒட்டவைத்தேன். கொண்டையைப் பிடுங்கினால் உள்ளே மொத்த இயந்திரமும் தெரியும். கம்பி வந்து சேரும் இடம் இரண்டு காதுக்கும் மேலே; அங்கே இருக்கும் கிரிம்ப் முனையை (கம்பியை நசுக்கிப் பிடிக்கும் குழாய்) மறைக்கத் தண்டட்டி. எங்கள் பக்கத்து அப்பத்தாக்கள் காதில் தோள் தொடத் தொங்குமே, அது. பித்தளையில் செய்ததால் அதுவே மின்முனையும் ஆயிற்று. இந்த மொத்த வேலையில் நான் என்னையே மெச்சிக்கொண்ட இடம் இது ஒன்றுதான்.

கம்பி

டங்ஸ்டன் விலை பார்த்துவிட்டு, கடையில் ‘அதைவிட உறுதி’ என்று சொன்ன துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வாங்கி வந்தேன். 0.15 மில்லிமீட்டர். தூக்கியது, தாங்கியது. கரண்ட் கொடுத்தால் உதடு அசையவில்லை. காதை வைத்துக் கேட்டால் உள்ளே ‘டிக்’ என்று ஒரு முனகல். சொலினாய்டு போய்விட்டது என்று மாற்றினேன். அதுவும் டிக். மல்டிமீட்டரை எடுக்க எனக்கு இரண்டு நாள் ஆனது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எலக்ட்ரிகல் டிப்ளமோ வைத்திருக்கிறேன்.

மேலே நான் நிற்கிற பலகைக்கும் பொம்மை தலைக்கும் 2 மீட்டர். போக ஒன்று, வர ஒன்று, ஆக 4 மீட்டர் கம்பி. அளந்தால் 163 ஓம். சொலினாய்டே 40 ஓம்தானே! 12 வோல்ட்டில் 0.06 ஆம்பியர்தான் ஓடும், வேண்டியது 0.3. கரண்ட் முழுக்க வழியிலேயே தீர்ந்துபோகிறது, சந்தைக்குப் போகிற வண்டியில் பாதிக் காய்கறியை மாடே தின்றுவிட்ட கதை. டங்ஸ்டனை அவர்கள் ஏன் எடுத்தார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. எஃகு மாதிரி உறுதி, ஆனால் இந்த எஃகைப் பார்க்க மின்தடை பன்னிரண்டில் ஒரு பங்குதான். செம்பு இன்னும் நல்ல கடத்தி, ஆனால் இந்தச் சன்னத்தில் இழுத்தால் நீண்டு அறுந்துபோகும்.

0.125 மில்லிமீட்டர் டங்ஸ்டன் பத்து மீட்டர் வரவழைத்தேன். அதே 4 மீட்டருக்கு 18 ஓம். 12 வோல்ட்டுக்கு இன்னும் 0.2 ஆம்பியர்தான் வந்தது. இழுக்கும் விசை கரண்டின் வர்க்கத்தோடு போகும். ஆகவே மூன்றில் இரண்டு பங்கு கரண்ட் என்றால் விசை பாதிக்கும் கீழே. அலமாரியில் கிடந்த பழைய லேப்டாப் சார்ஜர் 19 வோல்ட். அதைப் போட்டதும் 0.33. ‘டக்’ என்று உதடு இறங்கியது. அந்தச் சத்தத்தை ஒரு இருபது தடவை கேட்டிருப்பேன்.

டங்ஸ்டனில் ஈயம் ஒட்டாது. சாதா சால்டரில் எவ்வளவு ஃப்ளக்ஸ் போட்டாலும் உருண்டு ஓடிவிடும். சன்னமான பித்தளைக் குழாயில் கம்பியை நுழைத்து, மடக்கி, இடுக்கியால் நசுக்கவேண்டும். மடக்கும்போது கூர்மையாக மடக்கினால் கண்ணாடி மாதிரி முறியும். ஊசியைச் சுற்றி வளைத்து எடுங்கள். நான் மூன்று முனை முறித்தேன்.

கம்பிக்கு உறை கிடையாது. போட்டால் தடிமன் தெரியும். அந்தக் காலத்தில் பின்னணிக்கு ஏற்ற நிறத்தில் பொடியடித்துக் கேமரா கண்ணிலிருந்து மறைத்தார்களாம். நான் மங்கலான கறுப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தேன். அது போதும் என்று நினைத்ததுதான் தப்பு. இரண்டாவது ஆளாக மேலே ஏறிக் கையைப் பிடிக்க ஒப்புக்கொண்டவர் பக்கத்து வீட்டு அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர். முதல் ஒத்திகையில், அப்பத்தாவின் முதுகுப் பக்கம் சேலைக் கட்டு எப்படி இருக்கிறது என்று பார்க்க, அவர் பொம்மையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டார். இரண்டு கம்பியும் முறுக்கிக்கொண்டன. வார்னிஷ் உரிந்த இடத்தில் சட்டென்று ஒரு நீலப் பொறி.

“ஐயோ தம்பி, நெருப்பு பறக்குது, விடுங்கோ!”

விட்டேன். அப்பத்தா ஒன்றரை மீட்டர் கீழே விழுந்தார். மூக்கில் ஒரு சிராய்ப்பு, அது இன்னும் இருக்கிறது. சார்ஜர் தன்னைத்தானே அணைத்துக்கொண்டதால் பிழைத்தது. அதற்குப் பிறகு இரண்டு ஏற்பாடு: வரிசையில் ஒரு ஆம்பியர் ஃபியூஸ், தலைக்கு ஒரு சாண் மேலே இரண்டு கம்பியையும் விலக்கிப் பிடிக்க 12 சென்டிமீட்டர் மரக்குச்சி. கூடவே ஒரு சட்டம், அப்பத்தா கால் சுற்றுக்கு மேல் திரும்பக்கூடாது. “பின்னால ஆரும் கூப்பிட்டா என்ன செய்யிறது?” என்று அண்ணன் கேட்டார். காது கேட்காத மாதிரி இருந்துவிடச் சொன்னேன்.

குரல்

பேத்தி கதைக்கு அப்பத்தா குரல் யாருடையது? நிஜ அப்பத்தாவுடையதுதான். உசிலம்பட்டிக்கு வசனத்தை அனுப்பினேன். அம்மா ஒவ்வொரு வரியாக வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டார்கள். பின்னணியில் சேவல், மினி பஸ் ஹாரன், குக்கர். குரலை முன்பே பதிந்துகொண்டு பொம்மையை அதற்கு ஆட்டுவது அந்தக் காலத்து வழக்கம் என்பதால் எனக்குத் தயக்கமே இல்லை. 2015-ல் ஐம்பதாம் ஆண்டுக்காகப் பழைய முறையிலேயே மூன்று பகுதி எடுத்தபோதுகூட, 1960-களில் வெளிவந்த இசைத்தட்டுகளின் குரலை வைத்துத்தான் பொம்மையை ஆட்டினார்கள்.

என் ஏற்பாடு எளிது. கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டி ஒட்டும் மென்பொருளில் ஸ்டீரியோ ஃபைல். இடது பக்கம் அம்மாவின் குரல் அப்படியே, அது ஸ்பீக்கருக்கு. வலது பக்கம் அதே குரலின் பிரதி, அது சர்க்யூட்டுக்கு, யாரும் கேட்கப்போவதில்லை. சர்க்யூட்டில் எல்எம்358 என்ற சில்லு ஒலியைப் பெருக்கும். ஒரு டயோடும், 10 கிலோ ஓமும், ஒரு மைக்ரோஃபாரடும் சேர்ந்து அலையைத் தட்டையாக்கும். எல்எம்393 என்ற இன்னொரு சில்லு ‘இந்த அளவுக்கு மேலே வந்தால் திற’ என்று முடிவெடுக்கும். ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட், அதாவது மின்சுவிட்ச், சொலினாய்டுக்குக் கரண்ட் விடும். அந்த ‘இந்த அளவு’ ஒரு திருகு. மொத்தச் செலவில் மிகக் குறைந்த விலை அதற்குத்தான், மொத்த நேரத்தில் பாதி போனதும் அதில்தான்.

சொலினாய்டுக்கு எதிர்த் திசையில் டயோடு போடவேண்டும், இல்லாவிட்டால் மாஸ்ஃபெட் செத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெறும் டயோடு மட்டும் போட்டால் சுருளில் இருக்கும் கரண்ட் சாவகாசமாக வடியும், உதடு சோம்பலாக மூடும். அப்பத்தா பேசவில்லை, வெற்றிலை மென்றார். டயோடோடு 24 வோல்ட் ஜீனர் டயோடு ஒன்றைத் தொடராகச் சேர்த்ததும் சுருக்கென்று மூடத் தொடங்கியது. இன்னொன்று: சொலினாய்டு இழுக்க, தோல் அசைய எல்லாமாகச் சேர்த்து ஒரு சின்னத் தாமதம் இருக்கிறது. சத்தம் வந்த பிறகு வாய் திறந்தால் டப்பிங் படம் பார்க்கிற மாதிரி இருக்கும். வலது பக்கத்தை 40 மில்லிசெகண்ட் முன்னால் நகர்த்தினேன். டேப்பாக இருந்தால் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பேன். இங்கே கணினி எலியால் ஒரு இழுப்பு.

இவ்வளவும் முடித்துத்தான் அந்த ‘ஆவ்வா’.

ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. நீங்களே ‘ம்ம்ம்’ என்று சொல்லிப் பாருங்கள். உதடு மூடியிருக்கிறது, சத்தம் குறையவில்லை. மூக்கு வழியாக வருகிறது. என் சர்க்யூட்டுக்குத் தெரிந்தது சத்தம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும். ‘அம்மா’ என்ற வார்த்தையில் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை சத்தம் ஓயவே ஓயாது. நம்முடைய மொழியில் இந்த மாதிரி எவ்வளவு! கம்மாய், தம்பி, சும்மா, அம்மாசி. இரட்டித்த ‘ம்’ இழுத்து நிற்கிற மொழி. அம்மா பேச்சில் அது இன்னும் நீளம்.

திறந்த வாய்க்கும் மூடிய வாய்க்கும் சத்தத்தின் அளவில் வித்தியாசம் இல்லை என்றால் வேறு எதில்? குரலை ஆடாசிட்டியின் நிறமாலையில், அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் படத்தில், விரித்துப் பார்த்தேன். ‘ம்’முக்கு வெளிச்சமெல்லாம் அடியில், 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே. ‘ஆ’வுக்கு 700-ஐ ஒட்டி ஒரு பட்டை, 1200-ஐ ஒட்டி இன்னொன்று. ஆகா! வலது பக்கத்தில் மட்டும் 400-க்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டினேன், சாய்வு 48 டெசிபல். வெட்டிய பிறகு அந்தப் பக்கத்தை மட்டும் கேட்டால் அம்மா தகர டப்பாவுக்குள் இருந்து பேசுகிறார்கள். ஆனால் ‘ம்ம்’ இருந்த இடத்தில் பள்ளம்.

ஓட்டினேன். அ… உதடு ஒட்டியது… மா.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ம், இப்ப ஓகே” என்றாள். அவள் வாய் அந்த ‘ம்’முக்கு மூடியிருந்ததை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் எல்லோர் வாயையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு திரிந்தேன். சூப்பர்வைசர் முகத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று துடைத்துக்கொண்டார்.

எதிர்பாராத லாபம் ஒன்று. ‘உ’, ‘இ’ இரண்டுக்கும் கீழ்ப்பட்டை தணிந்த இடத்தில்தான் இருக்கும்; அதையும் வடிகட்டி வெட்டிவிடுகிறது. ‘உப்பு’ என்றால் உதடு லேசாகத் துடிக்கிறது, அவ்வளவுதான். நாமும் அதற்கு வாயைப் பிளப்பதில்லையே! கேட்காமலே சரியாக வந்த ஒரே விஷயம்.

கேட்காமல் தப்பாக வந்தது குக்கர். மூன்றாவது வசனத்தில், ‘ராக்கெட்டைக் கெளப்பு’ என்பதற்குப் பிறகு, உசிலம்பட்டிச் சமையலறையில் மூன்று விசில். மூன்றுக்கும் அப்பத்தா வாயைத் திறந்தார். விசில் அவர் வாயிலிருந்து வருவது போலவே இருந்தது. மகள் சிரித்துத் தரையில் உருண்டாள். மேலேயும் 2500-க்கு ஒரு வெட்டு வெட்டியதில் விசில் பெரும்பாலும் அடங்கியது, ‘ச’வுக்குத் தேவையில்லாமல் திறந்ததும் நின்றது. மிச்சத்தைக் கையால் அழிக்கப் போனேன். அழிக்கக்கூடாது என்று வீட்டில் ஒரே சண்டை. ராக்கெட் கிளம்புகிற இடம்தானே, விசில் இருந்தால் என்ன? இருந்தது.

மேடை

நடப்பதைப் பற்றிப் பேசவேண்டாம். நடக்கவைத்துப் பார்த்தேன், குடித்துவிட்டு வரப்பில் போகிற நடை. இதில் எனக்கு அவமானமும் இல்லை. ஆண்டர்சன் ஆட்களுக்கே அது கைவரவில்லை. அதனால்தான் அந்தத் தொடரில் யாரும் அதிகம் நடக்கமாட்டார்கள். உட்கார்ந்திருப்பார்கள், நகரும் பாதையில் நிற்பார்கள், பறக்கும் வண்டியில் போவார்கள், இல்லையென்றால் இடுப்புக்கு மேலேதான் படம். பொத்தானை அழுத்தும் விரலைப் பக்கத்தில் காட்டவேண்டுமானால் நிஜ மனிதக் கை. நானும் அட்டைப்பெட்டியில் ராக்கெட் ஓட்டுகிற அறை செய்து அப்பத்தாவை உட்காரவைத்துவிட்டேன். சேலைக்குள் கால் இருக்கிறதா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. (இல்லை.)

கண்ணையும் அசைக்கவில்லை. அதற்குத் தனிக் கம்பி, தனி வேலை. நேரம் இல்லை.

சூடு மட்டும் கடைசிவரை தொல்லை கொடுத்தது. சொலினாய்டு இழுத்துக்கொண்டிருக்கும்போது 4 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே. மூடிய ஃபைபர்கிளாஸ் மண்டைக்குள் நாலு நிமிடம் வசனம் ஓடினால் கொண்டையைத் தொட முடியாது. கொண்டையில் பூ வைக்கிற இடத்தில் ஆறு துளை போட்டு, மேலே மல்லிகைச் சரத்தை ஒட்டினேன். அப்பத்தா பாத்திரத்தின் நீண்ட புலம்பல் ஒன்றையும் பாதியாக வெட்டினேன். அது கதைக்கும் நல்லதாகப் போயிற்று.

விழா அன்று இரண்டு ஏணிக்கு நடுவே பலகை போட்டு, கறுப்புத் துணி மறைத்து, நானும் அண்ணனும் மேலே. ராக்கெட் கிளம்பியது, விசில் அடித்தது, பிள்ளைகள் கத்தினார்கள். நாலாவது நிமிடத்தில் இடது காது கிரிம்ப்பில் கம்பி முறிந்தது. கையில் தெரிந்துவிட்டது, பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வாய் மூடிவிட்டது, குரல் ஓடுகிறது. “குனிய வைங்கோ, குனிய வைங்கோ” என்றார் அண்ணன் காதோரம். கையில் இருந்த தோள் கம்பிகளைத் தளர்த்தி அப்பத்தாவை ஸ்டியரிங் மேல் கவிழவிட்டோம். மிச்ச வசனம் முழுக்க முகத்தைக் கீழே வைத்துக்கொண்டே பேசினார். களைத்துப்போய்விட்டார் என்று சபை எடுத்துக்கொண்டது. முதல் வரிசையில் ஒரு சின்னப் பையன் மட்டும், “பாட்டிக்குப் பாட்டரி போச்சு” என்று சரியாகச் சொன்னான்.

முறிவைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: நசுக்கிய குழாயின் விளிம்பு கம்பியைக் கடித்திருந்தது. அடுத்த தடவை விளிம்பை அரம் கொண்டு உருட்டிவிட்டு நசுக்கவேண்டும். சொலினாய்டை நெஞ்சுக்கு இறக்குவதா என்பதையும் யோசிக்கவேண்டும். சூட்டுக்கு அதுதான் வழி. தலையைச் சின்னதாக்க மாட்டேன்.

ஒத்திகை வீடியோவை அம்மாவுக்கு அனுப்பியிருந்தேன். மறுநாள் காலை போன்.

“நல்லாத்தான்டா இருக்கு. நான் இம்புட்டுக் கெழவியா ஆயிட்டேனா? சரி அது கெடக்கட்டும். அது அப்பத்தான்னு சொல்றப்ப ரெண்டு வாட்டி வாய மூடுதே, ஏன்?”

“ரெண்டு வாட்டியா?”

“‘ப்ப’வுக்கு மூடுது, சரி. ‘த்தா’வுக்கும் மூடுது. ‘த்தா’வுக்கு நாக்குதான பல்லுல முட்டும், ஒதட்டுக்கு என்ன வேல?”

பள்ளியில் அத்தனை பேர் பார்த்தார்கள், நானும் நூறு தடவை பார்த்திருப்பேன். ‘ப்ப’, ‘த்த’ இரண்டிலும் ஒரு கணம் சத்தம் அறவே நிற்கும். உதட்டால் நிறுத்தினதா, நாக்கால் நிறுத்தினதா என்று சர்க்யூட்டுக்கு எப்படித் தெரியும்? அதற்கு வடிகட்டி கிடையாது. ராத்திரி உட்கார்ந்து வலது பக்கத்தில் ‘அப்பத்தா’ வருகிற ஆறு இடத்தையும் தேடி, ‘த்த’வின் பள்ளத்தில் மட்டும் ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒலியைக் கையால் நிரப்பினேன். புது வீடியோவை அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்திருக்கிறது. இன்னும் பதில் இல்லை.